கதவில் எழுதிய ஏழு

வீட்டில் எத்தனை பவுன் நகை இருக்கிறது என்று கேட்டால்கூட ஜனங்கள் பதில் சொல்லிவிடுவார்கள்; எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால்தான் முகம் இறுகிப்போகும். மீட்டர் பார்த்தவர்கள், இன்சூரன்ஸ் விற்றவர்கள், ஓட்டுக் கேட்டுப் போனவர்கள் என்று கதவைத் தட்டிப் பிழைத்த எல்லாரும் இதைப் படித்துவிட்டுத் தலையாட்டுவீர்கள். நாய் துரத்திய கதை உங்களிடமும் நாலு இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் மூன்று மாதம் நான் ஆள் எண்ணும் வேலை பார்த்தேன். நாடு முழுக்க எண்ணி முடித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. அடுத்த எண்ணிக்கைக்கு இன்னும் வெகுநாள் இருந்தது. ஆனால் ஜனங்கள் அதுவரை அசையாமல் உட்கார்ந்திருப்பார்களா? ஒரு தோட்டம் காலியாகும், இன்னொன்று நிரம்பும், ரவாங்கில் ஒரு ஃபேக்டரி திறந்தால் பாதி இளவட்டம் அந்தப் பக்கம் போகும். எங்கள் மாவட்ட மன்றம் எதைக் கேட்டாலும் மேலிடத்துக்காரர்கள் பழைய கணக்கைப் பிரித்துப் பார்த்து, அவ்வளவு ஆள் உங்களிடம் இல்லையே என்று திருப்பி எழுதினார்கள். அலுத்துப்போன மன்றம், புதிதாக எண்ணிக் கொடுக்க அனுமதி வாங்கியது. தோட்டங்களுக்குத் தமிழ் பேசுகிற ஆள் வேண்டும் என்று ராசா என்ற சின்ன ஊரில் சும்மா இருந்த என்னை எடுத்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. வாய்க்கு மட்டும் நாற்பது என்பார் அம்மா. கோலா சிலாங்கூரில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு, சித்தப்பாவின் பழைய ஹொண்டா கப் மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகச் சுற்றினேன்.

எட்டுத் தலை குறைச்சல்

என் மேலதிகாரி என்சிக் ரம்லி, நம் வழக்கில் ரம்லி ஐயா. அதிகம் பேசாத மனுஷர், பேனாவைச் சட்டைப் பையில் மூன்றாக வைத்திருப்பார். ஒரு திங்கட்கிழமை காலை ஒரு ஃபைலை என் முன்னால் வைத்தார். கோலா சிலாங்கூர் பெரிய ரோட்டிலிருந்து செம்மண் பாதையில் ஏழு மைல் உள்ளே இருக்கிற தோட்டம். அதில் மூணாம் டிவிஷன். அங்கே ஒரு மருத்துவச்சியைப் போட வேண்டும், அவள் தங்க வீடும் பிரசவம் பார்க்க ஓர் அறையும் வேண்டும் என்று மூன்று தடவை விண்ணப்பம் போயிருந்தது. மூன்று தடவையும் ஒரே பதில்தான். விதிப்படி இருக்க வேண்டிய ஆள் தொகையில் எட்டுத் தலை குறைகிறதாம்.

எனக்குச் சுர்ரென்றது. மழை பெய்தால் அந்தப் பாதையில் லோரியே புதையும், பிள்ளை பெறப் போகிறவள் என்ன செய்வாள், எட்டுத் தலைக்காகவா இந்தப் பாடு என்று மலாயில் பொரிந்து தள்ளினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஃபைலை என் பக்கம் தள்ளினார். சொன்னது இவ்வளவுதான்:

“எட்டுப் பேரை நீயாகப் பெற்றுப் போட முடியாது. இருந்தால் எழுது, இல்லாவிட்டால் எழுதாதே.”

பெரிய கிராணியின் புத்தகம்

தோட்டத்துக்குள் நுழைய ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே ராஜாங்கம் பெரிய கிராணியுடையது, அதாவது தலைமைக் கணக்கர். ஐம்பது வயது, வெள்ளைக் கால்சட்டை, கக்கத்தில் பெயர்ப்பதிவுப் புத்தகம். யார் வேலைக்கு வந்தார், யார் பெண்டாட்டி, எந்தப் பிள்ளை எந்த லயத்து வரிசை வீட்டில் என்று எல்லாம் அதில் உண்டு. அதைத் திறந்து என் பக்கம் திருப்பி, “வெயில்ல ஏன்மா அலையிற, இதைப் பார்த்து எழுதிக்க” என்றார். நான் கூட்டிப் பார்த்தேன். பழைய கணக்கில் இருந்த அதே தொகை, ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

வீடு வீடாகத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. லயம் கம்பெனியுடையது, வேலை செய்கிறவனுக்கும் அவன் பெண்டாட்டி பிள்ளைக்கும்தான் இடம். வேலையை விட்டவனோ வெளியில் வேலை பார்க்கிறவனோ தங்கினால் அந்த வீட்டுக்காரனுக்கே வீடு கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, புத்தகத்தை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

“என் புத்தகத்துல இல்லாத ஆளு உன் கண்ணுல பட்டா வந்து சொல்லு தங்கச்சி. போன மாசம்தான் ஒருத்தன் சட்டி பானையை லோரியில ஏத்தி ரோட்டுல இறக்கினேன்.”

ஏழு மங்கு

மூணாம் டிவிஷனில் நாற்பத்திரண்டு கதவு. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போனவர்கள் மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவார்கள். நான் போனபோது பதினாலாம் நம்பர் வீட்டில் லெட்சுமி அக்கா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் என்றேன். தலை நிமிராமல், “நானு, அவரு, புள்ளைங்க மூணு. அஞ்சு” என்றார். அவர் கழுவிக் கவிழ்த்த கோப்பி குடிக்கிற மங்கு ஏழு. கொடியில் காய்ந்த சட்டைகளில் ஒன்று ரவாங் ஃபேக்டரிக்காரர்கள் போடுகிற நீலச் சட்டை. இந்தத் தொழிலில் வாயைக் கேட்பதைவிடக் கொடியைப் பார்ப்பது மேல் என்று எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்காமல் மங்குகளைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு ஈரக் கையோடு என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்.

அடுப்படித் திரைக்குப் பின்னால் சரோஜா நின்றாள். வீட்டுக்காரர் மாரிமுத்துவின் தங்கச்சி. எட்டு மாசம். அவள் புருஷன் செல்வம் வேலை வாங்குகிற மண்டோரை எதிர்த்துப் பேசி வேலை போனவன். இப்போது ரவாங்கில் வேலை. வெளியில் வீடு கிடைக்கும்வரை இங்கே இருட்டிய பிறகு வந்து விடியுமுன் போய்விடுவான். கிராணிக்குத் தெரிந்தால் ஐந்து பேரும் தெருவில். “எழுதாதே தங்கச்சி” என்றார் லெட்சுமி அக்கா.

நான் எட்டுத் தலையைப் பற்றிச் சொன்னேன். மருத்துவச்சி என்ற சொல்லைக் கேட்டதும் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். போன வருஷம் அவருக்கு வலி எடுத்து லோரியில் ஏற்றினார்களாம். பாதையில் சக்கரம் புதைந்து, லோரியிலேயே பிறந்து, லோரியிலேயே போய்விட்டது. பெண் குழந்தை. சொல்லும்போது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். இந்தத் தாள் டவுனுக்குப் போகும், தோட்டத்துக்காரன் எவன் கண்ணிலும் படாது, ஆத்தா மேல் சத்தியம் என்றேன். அவர் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

“எழுது. ஏழுன்னு எழுது. நீ வாய் தவறினேன்னா நாங்க ஏழு பேரும் உன் வீட்டு வாசல்லதான் வந்து உக்காருவோம்.”

கோழிக்கூண்டு

லெட்சுமி அக்கா சொன்ன பிறகு மற்றக் கதவுகள் தானாகத் திறந்தன. வேலை ஓய்ந்த மாமனார், புருஷன் விட்டுப் போய்த் திரும்பி வந்த மகள், டவுனில் வேலை பார்க்கிற மகன் என்று ஒவ்வொருவராக அடுப்படியிலிருந்தும் பரணிலிருந்தும் வந்தார்கள். முப்பதாம் நம்பரில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டுக்குள் குந்தியிருந்தார். பழைய காவல்காரர். சிவப்பு அடையாள அட்டை, அதாவது குடியுரிமை இல்லை. மன்றத்து ஆள் வருகிறது என்றதும் தன்னைக் கப்பலேற்றத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அட்டை நீலமோ சிவப்போ எனக்கு வேண்டாம், மூச்சு விட்டால் போதும் எழுதிவிடுவேன் என்றேன். அதற்குள் என் முழங்கையில் சேவல் இரண்டு கொத்துக் கொத்திவிட்டது. பெரியவர் தலையில் ஒட்டிய இறகைத் தட்டிக்கொண்டே வெளியே வந்து, என் தாளை எட்டிப் பார்த்தார்.

“நாப்பது வருஷமா இந்தத் தோட்டத்துல நான்தான் மத்தவன எண்ணினேன். என்னை எண்ண ஒரு ஆளு இப்பதாம்மா வந்திருக்கு.”

என் அழகான கையெழுத்து

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலரைக்கு எல்லா வீடும் முடிந்தது. புத்தகத்தில் இல்லாத தலை பத்தொன்பது. எட்டுக்குத் தவித்த இடத்தில் பத்தொன்பது! எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்ணி முடித்த வீட்டுக் கதவில் வெண்கட்டியால் வீட்டு நம்பரை எழுத வேண்டும், மேலதிகாரி சரிபார்க்க வரும்போது அடையாளம் வேண்டும் என்பது விதி. நம்பர் மட்டும்தான். ஆனால் நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே. என்சிக் ரம்லிக்கு மறுபடி கேட்கிற வேலை மிச்சம் என்று, வீட்டு நம்பருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே ஆள் தொகையையும் எழுதினேன். கீல் பூசிய கறுப்புக் கதவில் வெள்ளை எழுத்து பளிச்சென்று இருந்தது. பதினாலாம் கதவில் நான் எழுதும்போது உள்ளே லெட்சுமி அக்கா கருவாட்டுக் குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டு, இருந்து சாப்பிட்டுப் போ என்றார். நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

ரோட்டோர ஒட்டுக்கடையில் வண்டியை நிறுத்தி டீ சொன்னேன். கடைக்காரர் நாகூர் பக்கத்து பாய், நல்ல மனுஷர். கிளாஸைக் கையில் எடுத்தபோது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் தோட்டத்துப் பாதையில் திரும்பியது. வெள்ளைக் கால்சட்டை. கக்கத்தில் புத்தகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாளை யாருக்கும் காட்டமாட்டேன் என்று ஆத்தா மேல் சத்தியம் செய்துவிட்டு, அதே கணக்கை நாற்பத்திரண்டு கதவிலும் ஊர் பார்க்க எழுதி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். புத்தகத்தில் ஐந்து, கதவில் ஏழு. கிராணிக்குத் திரை விலக்கிப் பார்க்க வேண்டியதுகூட இல்லை. குடிக்காத கிளாஸைப் பாயிடமே திருப்பி நீட்டினேன்.

“என்னம்மா, பேயக் கண்ட மாதிரி நிக்கிற? சூடு பத்தலையா?”

வேப்பிலை

செம்பனை மரங்களுக்கு நடுவில் ஒரு குறுக்குப் பாதை உண்டு. வண்டி அதில் போகாது, ஆனால் நான் போனேன். இரண்டு தடவை விழுந்தேன். என்னைத் திட்டுகிற திட்டுகளை நானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு போனேன். அடி மடச்சி, உனக்கு வெண்கட்டி ஒரு கேடா, அந்த ஐந்து பேருக்கும் நீ எங்கேடி வீடு கொடுப்பாய்?

லயத்து வாசலில் கால் ஊன்றியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பத்திரண்டு கதவிலும் வேப்பிலைக் கொத்து. கோயில் மரத்தை மொட்டையடித்திருந்தார்கள். கதவெல்லாம் மஞ்சள் தண்ணீர் வழிந்தது, என் அழகான கையெழுத்து அதோடு கரைந்து படிக்கட்டில் ஓடியது. வாசலுக்கு ஒருத்தியாகப் பெண்கள் தலைவிரித்து நின்றார்கள். கடைசிக் கதவில் லெட்சுமி அக்கா இன்னும் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மை போட்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையக்கூடாது என்பது நம் ஜனங்களில் யாருக்குத் தெரியாது?

கிராணியின் வண்டி வந்து நின்றது. ஒவ்வொரு கதவாகப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மூக்கை ஒரு தடவை உறிஞ்சினார். ஜலதோஷம் போல என்று நினைத்தேன். புத்தகத்தைத் திறப்பாரா மாட்டாரா என்று அவர் கையையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், முழங்காலில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். வண்டிச் சத்தம் ஓய்கிறவரை யாரும் அசையவில்லை. பிறகு லெட்சுமி அக்கா மஞ்சள் கையோடு என்னிடம் வந்தார்.

“நாங்க படிக்காதவங்கதான் தங்கச்சி. ஆனா ஏழுன்னு எழுதினா ஏழுன்னு படிப்போம்லா.”

மூன்றாவது பேனா

புதன்கிழமை காலை என்சிக் ரம்லியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். மறைத்து வைக்கலாம் என்றால் முடியாது. அடுத்த நாள் அவர் சரிபார்க்கப் போக வேண்டும், கதவில் ஒரு நம்பரும் இருக்காது. அவர் முதல் பேனாவை எடுத்து மூடினார், இரண்டாவதை எடுத்து மூடினார். தோட்டத்துப் பெரிய கிராணி காலையிலேயே சுகாதார ஆபீஸுக்குப் போன் போட்டு, மூணாம் டிவிஷன் முழுக்க அம்மை என்று சொல்லிவிட்டாராம். நாளைக்கு ஜீப் போகிறது.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஜீப் போனால் அம்மை இல்லை என்று தெரியும். வீடு வீடாக ஆளை வெளியே கூப்பிடுவார்கள். பத்தொன்பது பேரும் கிராணி முன்னால் நிற்க வேண்டும். வராமல் ஒளிந்தால் என் கணக்கு பொய்க் கணக்காகும், மருத்துவச்சியும் வரமாட்டாள். அந்தக் கிராணி நன்றாகத்தான் மாட்டிவிட்டார் என்று பல்லைக் கடித்தேன். என்சிக் ரம்லி மூன்றாவது பேனாவை எடுத்து என் தாளின் மூலையில் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டார்.

“நாளைக்கு நானும் வருகிறேன். கண்ணால் பார்த்தால்தான் இதை அழிப்பேன்.”

ஜீப்

ஜீப்பில் ஒரு டாக்டரும், மலாய்க்கார நர்ஸ் அம்மா ஒருத்தரும் வந்தார்கள். கிராணி புத்தகத்தோடு லயத்து முனையில் நின்றார். எல்லாரும் வெளியே வாருங்கள், தோலைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கூப்பிட்டார். யாரும் வரவில்லை. நாற்பத்திரண்டு கதவும் சாத்தியபடி இருந்தது. முதலில் முப்பதாம் கதவு திறந்தது. பழைய காவல்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து வெயிலில் நின்றார். கோழிக்கூண்டில் குந்தியவர் அவர்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். என்சிக் ரம்லி உதட்டுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு என் தாளில் புள்ளி வைத்தார்.

பதினாலாம் வீட்டிலிருந்து செல்வம்கூட வேலைக்குப் போகாமல் வந்து நின்றான், சரோஜா மட்டும் வரவில்லை. நர்ஸ் அம்மா உள்ளே போனார். போனவர் உடனே சத்தம் போட்டு டாக்டரைக் கூப்பிட்டார். கால் வீங்கி, முகம் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறிக் கிடந்தாள் சரோஜா. இரண்டு நாளாகத் தலைவலி என்று யாரிடமும் சொல்லவில்லையாம், சொன்னால் ஆள் வருமே என்று. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார் டாக்டர். இரண்டு பேர் தாங்கி அவளை ஜீப்புக்குக் கொண்டுவந்தார்கள்.

கிராணி வழியில் நின்றார். புத்தகத்தைத் திறந்தார். பதினாலாம் நம்பர்ப் பக்கத்தை விரலால் தேடினார். “இது யாரு?” என்றார் மலாயில், எல்லாருக்கும் கேட்கும்படி. லெட்சுமி அக்காவின் கை என் கையை நசுக்கியது. நர்ஸ் அம்மா நிற்கக்கூட இல்லை.

“என் நோயாளி. வழி விடுங்கள்.”

கூழ்

கிராணி வழி விட்டார், புத்தகத்தை மூடினார். சரோஜாவுக்கு அன்று சாயங்காலமே கோலா சிலாங்கூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. எண்ணிக்கை செவ்வாயோடு முடிந்துவிட்டதால் அந்தக் குழந்தை என் கணக்கில் வரவில்லை. என்சிக் ரம்லி கேள்விக்குறியை அழித்துக் கையெழுத்துப் போட்டார். என் மூன்று மாத வேலையை நீட்டிக்கவில்லை. கதவில் கணக்கை எழுதியது பெரிய பிழை என்று அவரே எழுதிவிட்டார். அவர் எழுதியதில் தப்பில்லை. நான் ரவாங்கில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்துவிட்டேன். யார் வீட்டுச் சட்டி பானையும் ரோட்டுக்கு வரவில்லை என்று கேள்விப்பட்டேன், எப்படி என்றுதான் புரியவில்லை.

அடுத்த ஆடியில் லெட்சுமி அக்கா ஆள் அனுப்பினார். ஆத்தா பேரைச் சொல்லிப் பொய் சொன்னதற்கு அபராதமாகக் கூழ் ஊற்றுகிறோம், அந்தப் பொய்யில் பாதி உன்னுடையது, வந்து ஊற்று என்று. போனேன். லயத்து முனையில் புதிதாக ஒரு சின்ன வீடு, பச்சைக் கதவு. அங்கே குடிவந்த மருத்துவச்சிதான் முதல் மங்குக் கூழ் வாங்கினார். சரோஜாவின் மகள் என் பாவாடையைப் பிடித்து எழுந்து நின்றாள். லெட்சுமி அக்கா அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் யார் கேட்டும் கொடுக்கவில்லை.

வரிசையில் பெரிய கிராணியும் நின்றார். ஒரு மூட்டை அரிசி அவர் கொடுத்தது என்றார்கள். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. முகத்தைப் பார்க்காமல் அவர் மங்கில் கூழை ஊற்றினேன். அவர் நகரவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“அடுத்த தடவ அம்மைன்னு பொய் சொல்றதா இருந்தா, முதல்ல அடுப்ப அணைக்கச் சொல்லு தங்கச்சி. அன்னைக்கு லயம் பூரா கருவாட்டுக் கொழம்பு வாசனை.”

அம்மை இல்லை என்று தெரிந்தேதான் டாக்டரை வரவழைத்திருக்கிறார். நாற்பத்திரண்டு கதவையும் தட்டி, கோழிக்கூண்டுவரை தேடித் தலைகளை எழுதிய எனக்கு, நம் பக்கத்து ஆள் என்று எழுதாமல் விட்டுப்போன தலை ஒன்று இருந்தது. அது புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் முன்னாலேயேதான் நின்றிருக்கிறது.